அக்டோபர் 15: மலை ரயிலின் பிறந்தநாளுக்குப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெரிய திருவிழா இல்லை. மேடை, பந்தல், ராட்டினம் என்று எதையாவது எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்த ரயில் பாதை ஊட்டியைத் தொட்டது. அந்தத் தேதியை நீலகிரி மலை ரயில் தினமாக வைத்துக்கொண்டு, மலை ரயில்மேல் பிரியமுள்ள உள்ளூர்க்காரர்களும் ரயில்வே ஊழியர்களும் நிலையத்தில் கூடுவார்கள். கேக் வெட்டுவார்கள். பயணிகளுக்கு இனிப்போ ரோஜாவோ கொடுப்பார்கள். எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், ரயில் வழக்கம்போலக் கிளம்பிவிடும்.

அப்படியானால் ஒரு நாள் முழுக்க எதற்கு? பிறந்தநாள்காரர் அன்றைக்கும் வேலைக்குப் போகிறார், அதனால்தான். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிற எஞ்சினுக்கு மாலை போடுவது வேறு. நூறு வருஷத்துக்கு மேலாக அதே மலையில் தினமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ரயிலை, அது ஏறும்போதே பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. நான் சில தடவை போய்வந்திருக்கிறேன். முதல் தடவை கேக் வெட்டும் இடத்தைத் தேடி ஊட்டிக்கு ஓடி, பார்க்க வேண்டியதையெல்லாம் கோட்டைவிட்டேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மழை, அப்புறம் சீட்டு

அக்டோபர் நடுவில் தென்மேற்குப் பருவமழை விலகி, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கப் பார்க்கும். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் நடுவில் உள்ள கிழக்குச் சரிவுக்குக் கனமழை வருவது இந்த வடகிழக்குப் பருவத்தில்தான். ரயில் போவதும் அதே சரிவில். ஒரு ராத்திரி நன்றாகக் கொட்டினால் பாறையோ மரமோ மண்ணோ தண்டவாளத்தில் கிடக்கும், காலை ரயில் ரத்து. 2009 நவம்பரில் ஏற்பட்ட மண்சரிவு இந்தப் பாதையையே உருக்குலைத்துவிட்டது. அதனால் ‘ரயில் ஓடாவிட்டால் என்ன செய்வேன்’ என்று முன்கூட்டியே யோசித்துக்கொண்டு கிளம்புங்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி நின்றுபோனாலும் குன்னூர்–ஊட்டி பகுதி பெரும்பாலும் ஓடும். விழாவும் மேலேதான். ஆகவே நாள் வீணாகாது. முழு ரயிலும் ரத்தானால் இணையத்தில் எடுத்த சீட்டுக்குப் பணம் தானாகத் திரும்பிவரும். ரத்துச் செய்தி முன்பதிவில் கொடுத்த கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும் என்பதால், முகவரிடம் சீட்டு எடுத்தாலும் உங்கள் எண்ணையே கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது சீட்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். அக்டோபர் 15-க்குக் கணக்குப் போட்டால் ஆகஸ்ட் 16 காலை 8 மணி. சுதந்திர தினத்துக்கு மறுநாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஐஆர்சிடிசியில் மேட்டுப்பாளையத்துக்குக் குறியீடு எம்டிபி, ஊட்டிக்கு யூஏஎம், அதாவது உதகமண்டலம். குன்னூருக்கு மட்டும் ஓஎன்ஆர் என்று இருக்கும். ‘சி’ எழுத்தில் தேடித் தேடி, குன்னூரே இல்லை என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே உள்ளே நுழைந்து, பெயர், வயது எல்லாம் தட்டித் தயாராக இருங்கள். நாலைந்து பெட்டிதான், இடம் குறைவு. எட்டேகாலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காத்திருப்புப் பட்டியல்தான். ஆயுத பூஜை விடுமுறை ஒட்டி வருகிற வருஷமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

எந்தப் பக்கம் உட்காரலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இடத்தை ஒதுக்குவது கணினி. நாம் தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளத்தாக்கும் ஒரே பக்கம் நிற்காது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள். எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் முறை வரும்.

சீட்டு கிடைக்காதவர்களுக்கு

இதை நன்றாகக் கேளுங்கள், என் கணக்கில் இதுவே முதல் வழி. மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 4 மணி 50 நிமிஷம் எடுத்துக்கொள்ளும். பஸ் அப்படியில்லை. காலை 7:10-க்கு மேட்டுப்பாளையத்தில் நடைமேடைச் சீட்டோடு நின்று ரயிலை வழியனுப்புங்கள். வெளியே வந்து ஒரு காபி குடியுங்கள். பேருந்து நிலையம் போய்க் குன்னூர் பஸ்ஸில் ஏறுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் குன்னூர். ரயில் அங்கே வர பத்தரை மணி வாக்கில் ஆகும். அதாவது நீங்கள் வழியனுப்பிய ரயிலையே முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்று வரவேற்கலாம். எல்லா ரயிலுக்கும் இந்த மரியாதையைச் செய்ய முடியாது.

அதற்கப்புறம் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நாளுக்குச் சில தடவை தனி ரயில்கள் போகின்றன. அவற்றுக்குக் கவுன்டரில் முயற்சி செய்யலாம். மேட்டுப்பாளையத்திலும் காலையில் முன்பதிவில்லாத சீட்டு கொஞ்சம் கொடுப்பார்கள் என்று நம்பி விடியற்காலையில் வரிசை கட்டுபவர்கள் உண்டு. தனி ஆள் என்றால் நின்று பாருங்கள். பாட்டி, கைக்குழந்தை, மூன்று சூட்கேஸ் என்று வருபவர்கள் அதை நம்ப வேண்டாம்.

பையில் என்ன வைக்கலாம்

சின்னப் பை ஒன்று. பெட்டிகள் குறுகலானவை. எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், பெரிய பெட்டியை வைக்க இடமே இருக்காது. சுவெட்டர் கட்டாயம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர். கீழே வியர்வை, மேலே நடுக்கம். மழைக்கு ஒரு குடை. எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். ரயிலில் வந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு 2024 முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் முன்பே எடுத்துவிடுங்கள்.

முக்கியமான ஒன்று: பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையத்திலேயே போய்விட்டு ஏறுங்கள். குழந்தைகளை இழுத்துக்கொண்டாவது போங்கள்.

வெள்ளைச் சட்டை வேண்டாம். ஏன் என்று கடைசியில் தெரியும்.

மேட்டுப்பாளையம், காலை ஆறு மணி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம், எதிரே மலை ரயில். கோயம்புத்தூரில் தங்குகிறவர்கள் அதே எக்ஸ்பிரஸை அதிகாலை ஐந்து மணி வாக்கில் பிடிக்கலாம், இல்லையென்றால் பஸ். அங்கிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சரை நம்பினால் மலை ரயில் போயிருக்கும்.

வந்ததும் சீட்டில் பை வைத்துவிட்டு நடைமேடையில் இறங்கி நில்லுங்கள். அகல ரயில் பாதை மேட்டுப்பாளையத்துக்கு வந்தது 1873-இல். மலைக்கு மேலே போக வேண்டும் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. ஆனால் வேலை ஆரம்பித்தது 1891-இல். குன்னூர் வரை ரயில் ஓடியது 1899-இல். ஊட்டியைத் தொட இன்னும் ஒன்பது வருஷம். பணம் தீர்ந்து நின்றுபோன கம்பெனி, எந்த முறையில் ஏறுவது என்ற சண்டை, எல்லாம் நடுவில் நடந்தன. அந்தக் கதையெல்லாம் படங்களோடு பார்க்க மேட்டுப்பாளையம் நிலையத்திலேயே சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அது திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். திரும்பி வரும்போது நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தயவுசெய்து ‘பொம்மை ரயில்’ என்று சொல்லாதீர்கள். டார்ஜிலிங் ரயில் இரண்டு அடி அகலப் பாதையில் ஓடுவது. அதைச் சொன்னால்கூடப் போகட்டும். இது மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை. எழும்பூரிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நம் தாத்தாக்கள் போனது இதே அகலத்தில்தான்.

எஞ்சினைத் தேடி ரயிலின் முன்பக்கம் போகாதீர்கள், அங்கே இருக்காது. மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் எஞ்சின். ஏதாவது கழன்றாலும் பெட்டிகள் எஞ்சின்மேல்தானே சாயும். வீட்டில் அலமாரியை மாடிக்கு ஏற்றும்போது பலசாலியைக் கீழே நிறுத்துவோமே, அதே யோசனைதான்.

எஞ்சினுக்குப் பக்கத்தில் போனதும் அதன் இடுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின்மேல் ஒன்று. கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களுக்கு. மேல் சிலிண்டர் அடியில் மறைந்திருக்கும் பல்சக்கரங்களுக்கு. மேல் சிலிண்டர் அசைக்கிற தண்டு இப்போது சும்மா இருக்கும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லாறு தாண்டியதும் வேலைக்கு வரும். இந்த எக்ஸ் ரக எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்து வந்தவை. வயதானவற்றுக்குத் துணையாக, இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புது நீராவி எஞ்சின்கள் கட்டினார்கள். உலகம் முழுக்க நீராவி எஞ்சினைக் கழித்துக்கட்டிய பிறகு ஓர் அரசுப் பணிமனை புதிதாகச் செய்தது என்றால், எனக்கு இந்தப் பிறந்தநாளில் கேக்கைவிட அதுதான் பெரிய விஷயம்.

ஆயுத பூஜை ஒட்டி வருகிற வருஷத்தில் எஞ்சின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாமல் இருக்கும். 2021-இல் விஜயதசமியே அக்டோபர் 15-ஆம் தேதி வந்தது.

கல்லாறு வரை, கல்லாறுக்கு மேல்

கிளம்பியதும் பவானி ஆற்றுப் பாலம். அதற்கப்புறம் பாக்குத் தோப்புகள். கொஞ்ச தூரம் ரயில் நல்ல பிள்ளையாக, சமவெளி ரயில் மாதிரியே ஓடும். மணிக்கு 30 கிலோமீட்டர்தான் அதிகபட்ச வேகம், அதுவே இங்கே பெரிய வேகம். எட்டாவது கிலோமீட்டர் வாக்கில் கல்லாறு. பக்கத்தில் மங்குஸ்தான் விளைகிற அரசுப் பழப்பண்ணை உண்டு. அதற்கெல்லாம் இன்றைக்கு நேரமில்லை.

கல்லாறு தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். ரயில் ஏறக்குறைய நடக்கிற வேகத்துக்கு வரும். தண்டவாளங்களுக்கு நடுவே, கொஞ்சம் உயரத்தில், பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் போய்க் கடிக்க வேண்டும். ‘கடக்... கடக்...’ என்று அடியில் ஒரு சத்தம், பெட்டி லேசாகப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குப் போகும், அப்புறம் சத்தம் சீராகிவிடும். கடித்துவிட்டது. இரண்டு பட்டைகளிலும் பற்கள் நேருக்கு நேர் இருக்காது, ஒன்றில் பல் இருக்கிற இடத்தில் இன்னொன்றில் இடைவெளி. அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரப் பாதை உள்ள ரயில் இது ஒன்றுதான்.

இங்கிருந்து குன்னூர் வரை சுமார் 19 கிலோமீட்டர் இப்படித்தான். பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறுகிற சரிவு. வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வளைவில் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். எஞ்சினின் இரண்டு அடுக்குத் தண்டுகளும் இப்போது வேலை செய்யும், மேல் தண்டு ஒரு கணக்கில், கீழ் தண்டு வேறு கணக்கில். முதல் தடவை பார்க்கிறவருக்கு ஏதோ கழன்றுவிட்டது போலத்தான் தோன்றும்.

பெட்டியின் முன்மேடையில் நிற்கிறாரே ஒருவர், அவர் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர். ஓட்டுநர் பின்னால் இருக்கிறார், அவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டிக்காரர் கொடி காட்ட, ஓட்டுநர் விசில் கொடுக்க, அந்த விசிலைக் கேட்டு மற்றவர்கள் பிரேக்கைக் கையாள்வார்கள். ரயிலுக்குக் கண் முன்னாலும் கால் பின்னாலும் இருக்கிறது. முன் பெட்டியில் இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் அவர் தோளுக்கு மேலே செல்ஃபி எடுக்க முண்டாமல், கொஞ்ச நேரம் அவர் கையைக் கவனித்தால் போதும். போன தடவை என் எதிரே இருந்த சிறுவன் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தான். பிரேக்ஸ்மேன் திரும்பாமலேயே சொன்னார்: “கண்ணு, கையை உள்ள வை. பாறை வரப்போவுது.” சொல்லி வாய் மூடவில்லை, ஈரப் பாறைச் சுவர் சன்னலை ஒட்டி வந்துவிட்டது. சொட்டுகிற தண்ணீர் என் முழங்கைவரை தெறித்தது. பாதை அவருக்கு மனப்பாடம்.

சுரங்கம் மொத்தம் 16. ஒவ்வொன்றிலும் பெட்டி முழுக்க ‘ஓ’ என்று கத்தும். முதல் இரண்டுக்கு எரிச்சலாக இருக்கும், மூன்றாவதில் நீங்களும் கத்துவீர்கள்.

ஹில்குரோவ்: பையைப் பூட்டுங்கள்

எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் வழியில் நிற்கும். அதில் ஹில்குரோவ்தான் இறங்கி நிற்கத் தோதான இடம். டீ கிடைக்கும், பலகாரம் கிடைக்கும், குரங்கும் கிடைக்கும். இந்தக் குரங்குகளுக்கு ரயில் நேரம் நம்மைவிட நன்றாகத் தெரியும். தோள்பையின் ஜிப்பைத் திறந்தபடி எஞ்சினைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் பன் பொட்டலம் கூரைமேல் இருந்தது. குரங்கு என்னையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், காகிதத்தை உரித்தது. டீக்கடைக்காரர், “அதுக்கும் இன்னிக்குப் பொறந்தநாள்தான் சார், விடுங்க” என்றார்.

நிறுத்தத்தில் தண்டவாளத்துக்குள் இறங்கி ரீல்ஸ் எடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது ரயில்வே சட்டப்படி குற்றம், 147-ஆம் பிரிவு, அபராதமும் சிறையும் உண்டு. அதைவிட, இது யானை நடமாட்டமுள்ள காடு. நடைமேடையிலேயே நில்லுங்கள். விசில் கேட்டதும் ஏறிவிடுங்கள். இந்த ரயில் மெதுவாகத்தானே போகிறது, ஓடிப் பிடிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ரன்னிமேடு தாண்டும்போது தேயிலைத் தோட்டங்கள் கண்ணில் படும். குளிர் லேசாகத் தொடும், சுவெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர்தான் நடுநாயகம்

நான் முதல் தடவை செய்த தவறைச் சொன்னேன் அல்லவா? குன்னூரில் வண்டி நின்றபோது சீட்டைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். ஊட்டியில்தானே விழா என்ற நினைப்பு. உண்மையில் இந்த ரயிலின் வீடு குன்னூர். எஞ்சின் ஷெட் இங்கே. பல்சக்கரப் பாதை இங்கே முடிகிறது. நீராவி எஞ்சின் கழன்று, மேலே போக டீசல் எஞ்சின் மாட்டப்படுவதும் இங்கேதான்.

நின்றதும் பின்பக்கம் நடந்து போங்கள். இரண்டு ஆட்கள் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இறங்கி இணைப்பைக் கழற்றுவார்கள். எஞ்சின் தனியாக விலகும்போது ஒரு பெருமூச்சு விடும், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு விநாடி நீராவிக்குள் மறைந்துபோவார்கள். மேல் தண்டில் எண்ணெய் பளபளக்கும். பணியாளர் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குவளையோடு வந்து, ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்துச் சூடு கவனித்து, ஊற்றிக்கொண்டே போவார். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி புறங்கையால்தான் தொடுவார். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். கேள்வி கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் கை ஓயும்வரை காத்திருங்கள். ‘அண்ணே, இது எந்த வருஷத்து எஞ்சின்?’ என்று ஆரம்பித்தால் போதும். ‘இதுக்கு மைலேஜ் எவ்வளவு?’ என்று கேட்டுவிடாதீர்கள், சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கொண்டாட்டம் அந்த வருஷம் குன்னூரில் என்றால் இந்த நேரத்தில் நடைமேடையே கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஊட்டியில் என்றால் இங்கே கூட்டம் குறைவு, உங்களுக்கு இன்னும் நல்லது. எந்த வருஷம் எங்கே என்பதை ஓரிரு நாள் முன்பு தினசரிகளின் நீலகிரிப் பக்கத்திலோ, நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். யாராவது தட்டை நீட்டினால் கூச்சப்படாமல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழெல்லாம் கிடையாது, அன்றைக்கு ரயிலில் வந்த எல்லோரும் விருந்தாளிகள்தான்.

அக்டோபர் 15 அப்துல் கலாமின் பிறந்தநாளும்கூட. பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களுக்கு வழிவிட்டு, எஞ்சின் பக்கத்தில் முன்னால் நிற்க விடுங்கள்.

சீட்டு இல்லாமல் பஸ்ஸில் வந்தவர்களும் நடைமேடைச் சீட்டு எடுத்து இதையெல்லாம் முழுசாகப் பார்க்கலாம். அவசரமில்லாததால் அவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள்.

மேலே

குன்னூருக்கு மேல் பாதை வேறு ஊர் மாதிரி. டீசல் எஞ்சின், பல் கிடையாது, சரிவும் 25 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்குத் தணிந்துவிடும். வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் வரிசையாக வரும். கேத்தியில் சன்னலை விடாதீர்கள். கீழே பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளையும் பீட்ரூட்டும் போட்ட பாத்திகள், நடுவில் சின்னச் சின்ன வீடுகள். கற்பூர மர வாசனை பெட்டிக்குள் வரும். சமவெளிக்காரர்கள் அதைத் தைல மரம் என்பார்கள்.

உள்ளூர்க்காரர்கள் இந்தப் பகுதியில் ஏறி இறங்குவார்கள். அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை. இடம் கேட்டால் நகர்ந்து கொடுங்கள். நான் எதிர்பாராமல் பார்த்த நல்ல காட்சி ஒன்று இங்கேதான்: கீழே யாரோ கொடுத்த ரோஜாவைக் காய்கறிப் பையில் முள்ளங்கிக்கு நடுவே செருகிக்கொண்டு, ஓர் அம்மா லவ்டேலில் இறங்கிப் போனார்.

ஊட்டியில் இரண்டு மணி நேரம்

நண்பகல் வாக்கில் ஊட்டி. மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பும் ரயில் மதியம் 2 மணிக்கு. அதற்குள் தொட்டபெட்டா, படகு இல்லம், தாவரவியல் பூங்கா என்று ஆட்டோ பிடித்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நிலையத்திலேயே இருங்கள். ‘உதகமண்டலம்’ பலகை பக்கம் படமெடுப்பவர்கள் கலைந்ததும் ஓர் அமைதி வரும். மலை ரயில் பற்றிய சின்னக் கண்காட்சி இருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. டார்ஜிலிங் ரயில் 1999-லேயே சேர்ந்திருந்தது, 2008-இல் கால்கா–சிம்லாவும் சேர, மூன்றும் ஒரே தலைப்பில் நிற்கின்றன.

சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டு வாருங்கள். திரும்பும்போது ஊட்டியின் மொறுமொறுப்பான தின்பண்டமான வர்க்கி வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையிலும் ‘ஒரிஜினல்’ பலகை தொங்குகிறது. ஒன்றை எடுத்து உடைத்துப் பாருங்கள். அடுக்கடுக்காக உதிர்ந்து கை முழுக்கத் தூள் ஆனால் சரி. வளைந்தால் வேண்டாம்.

இறக்கம்

இரண்டு வழி. ஒன்று, ஊட்டியிலிருந்து 2 மணி ரயில். மாலை ஐந்தரை வாக்கில் மேட்டுப்பாளையம். ஏறுவதைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைவு. குன்னூரில் நீராவி எஞ்சின் மறுபடி சேர்ந்துகொள்ளும், இந்தத் தடவை முன்னால். காலையில் எஞ்சினுக்கு வேலை, இப்போது பிரேக்ஸ்மேன்களுக்கு வேலை. விசில் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தோள் அசைவதைப் பாருங்கள். பிரேக் தேய்கிற சூட்டு வாசனை வழி முழுக்க வரும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, என் விருப்பம்: ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்குப் பஸ். ஊட்டியிலிருந்து ஒன்றரைக்குள் பஸ்ஸில் கிளம்பிக் குன்னூரில் இறங்கிவிடுங்கள். மூன்று மணி வாக்கில் ரயில் வரும்போது, எஞ்சின் ஷெட்டிலிருந்து வெளியே வந்து பெட்டிகளோடு சேர்வதை இன்னொரு தடவை பார்க்கலாம். அது கிளம்பிப் போன பிறகு பஸ் பிடித்தாலும் மேட்டுப்பாளையத்துக்கு அதற்கு முன்னால் போய்விடுவீர்கள்.

சென்னைக்குத் திரும்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். அதுவரை மேட்டுப்பாளையத்தில் சாப்பிடலாம், காலை கிளம்பிய நடைமேடையில் உட்காரலாம். ரயிலில் ஏறுமுன் நிலையக் குழாயில் முகம் கழுவி, சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்கள். கழுத்துப் பக்கம் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். புகை, எண்ணெய், சுரங்கம் எல்லாம் சேர்ந்தது. சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று சொன்னேனே.